கயிறு பிடிக்கும் வேலை

ஜெர்மனி,
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறிய எழுத்துகளைப் படிக்க உங்களுக்குச் சிரமமாக இருப்பதாகத் தம்பி சொன்னான். ஆகவே இந்தக் கடிதத்தை அவனே உங்களுக்கும் அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டட்டும். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள்: "அங்கே காடு வேண்டுமென்றால் காட்டையும், அரண்மனை வேண்டுமென்றால் அரண்மனையையும் பெரிய டிவியே காட்டிவிடுகிறதாமே, அப்புறம் சீன் போடுகிறவளுக்கு என்னம்மா வேலை?" அப்போது நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். நாற்பது வருடம் நாடக மேடைகளுக்குப் படுதாத் திரை எழுதிய உங்களுக்கு அந்தப் பதில் போதாது என்று அன்றிரவே தோன்றியது. அதனால்தான் இதை நிதானமாக எழுதுகிறேன்.

நான் மேடை அமைக்கும் ஓபரா உங்களுக்கு அந்நியமான கலை அல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் போல இதிலும் கதையைப் பாட்டுதான் நடத்திச் செல்கிறது. பாடகர்களுக்கு இங்கே இன்றும் மைக் கிடையாது. எழுபது எண்பது வாத்தியங்களுக்கு மேலே எழும்பி, கடைசி வரிசை வரைக்கும் வெறும் குரல்தான் போக வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலைப் பற்றித் தாத்தா உங்களுக்குச் சொன்ன கதைகளை, இங்கே ஒத்திகையில் உட்கார்ந்திருக்கும்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது நாங்கள் மேடையேற்றப் போவது ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் 'தஸ் ரைன்கோல்ட்'. ரைன் நதியின் அடியில் கிடக்கும் பொன்னை ஆல்பெரிக் என்னும் குள்ளன் திருடிக்கொண்டு போய் மோதிரமாக அடிக்கிறான். அந்த மோதிரத்தை வோட்டான் என்னும் தேவர் தலைவன் அவனிடமிருந்து பறிக்கிறான். கதை இவ்வளவுதான். ஆனால் மேடை அமைப்பவருக்கு இதைவிடக் கடினமான சோதனை இருக்குமா என்பது சந்தேகமே. இரண்டரை மணி நேரம் இடைவேளையில்லாமல் ஓடும் இந்த நாடகம் ஆற்றின் அடியில் தொடங்கி, மலையுச்சிக்கு ஏறி, பாதாளத்துக்கு இறங்கி, மறுபடி மலைக்கே திரும்புகிறது. முன்படுதாவை இறக்கிவிட்டு, பபூனை அனுப்பி, பின்னால் சாவகாசமாகச் சீன் மாற்ற வழியில்லை. காட்சி மாறுவதற்கென்றே வாக்னர் இசை எழுதி வைத்திருக்கிறார். அந்த இசை முடியும்போது மேடையும் மாறி முடிந்திருக்க வேண்டும்.

1876-இல் பைராய்ட் நகரில், இதற்கென்றே கட்டிய அரங்கில், இந்த நாடகம் முதலாவதாக வரும் நான்கு நாடகத் தொடர் முழுவதையும் முதல் முறையாக நடத்தியபோது அவர்களும் அந்தக் காலத்துப் புதிய கருவிகளையெல்லாம் கொண்டுவந்து குவித்தார்கள். கொதிகலனிலிருந்து நீராவியைக் குழாய் வழியே மேடைக்குக் கொண்டுவந்து, அந்த வெண்புகையின் மறைவில் சீன் மாற்றினார்கள். தேவகன்னியர் குதிரையில் பறப்பதைக் கண்ணாடித் தகடுகளில் வரைந்து, மந்திர விளக்கு என்னும் படம் காட்டும் கருவியால் திரையில் வீழ்த்தினார்கள். நதிக் கன்னியராக நடித்த மூன்று பாடகியரையும் சக்கர வண்டிகளில் நட்ட உயரமான கம்பங்களின் உச்சியில் தாங்க வைத்து, கீழே ஆட்கள் மறைந்து நின்று தள்ளினார்கள். இத்தனை ஏற்பாடும் செய்திருந்தும், முதல் நாள் ஆட்டத்தில் பின்திரையை யாரோ நேரத்துக்கு முன்பே தூக்கிவிட, பின்மேடைத் தொழிலாளர்கள் சட்டைக் கையோடு நின்றது சபைக்குத் தெரிந்துவிட்டதாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா. சிறு வயதில் திருவிழா மேடைக்குப் பின்னால் உங்கள் பக்கத்தில் நின்ற இரவுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநர் கதையை இருநூறு வருடங்களுக்குப் பிந்தைய காலத்துக்கு நகர்த்தியிருக்கிறார். தேவர்கள் பூமிக்கு மேலே மிதக்கும் ஓர் உலோக வீட்டில் வாழ்கிறார்கள். ஆல்பெரிக்கின் பாதாளம் மினுக்கும் விளக்குகளோடு வரிசை வரிசையாகக் கணினிகள் அடுக்கிய ஒரு கூடம். மேடையின் பின்புறம் முழுவதும் எல்இடி சுவர்; நீங்கள் சொன்ன பெரிய டிவி அதுதான். நடுவில் மேலும் கீழும் சாயும் ஐந்து தளங்கள். மேலே பாடகர்களின் நடமாட்டத்தைக் கவனிக்கும் அகச்சிவப்பு கேமராக்கள். ஒரு வருடத்துக்கு முன்னால், இவற்றில் எதையும் செய்யத் தொடங்காத நிலையில், இங்குள்ள வழக்கப்படி மேடையில் ஒரு வெள்ளோட்டம் நடந்தது. மரச்சட்டங்கள், பழைய துணிகள், அட்டைகள் ஆகியவற்றை வைத்தே முழு அமைப்பையும் உண்மையான அளவில் நிறுத்திப் பார்த்தோம். உங்கள் தட்டிகளைப் போலவே இருந்த அந்தத் துணிகளுக்கு நடுவில் நின்றபோது, வந்த இடம் அவ்வளவு தூரமானதல்ல என்று எனக்கு முதல் முறையாகத் தோன்றியது.

எங்களுக்கு முன்னால் செய்தவர்களிடமிருந்து நான் நிறையக் கற்றுக்கொண்டேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 2010-இல் ராபர்ட் லபாஜ் இதே நாடகத்தை இயக்கினார். அவருக்காகக் கார்ல் ஃபிலியோன் வடிவமைத்த மேடையில், ஒரே அச்சில் கோத்த 24 நீண்ட பலகைகள் தனித்தனியே சுழன்று ஆறாகவும் மலையாகவும் படிக்கட்டாகவும் மாறின. அதன் எடை 45 டன். அதைத் தாங்குவதற்காக மேடைக்கு அடியில் எஃகு கொடுத்துப் பலப்படுத்த வேண்டியிருந்தது. பார்த்தவர்கள் மூச்சடைத்துப் போகும் காட்சிகள் அதில் உண்டு. ஆனால் முதல் நாள் இரவு, தேவர்கள் தங்கள் கோட்டைக்கு ஏறிச் செல்லும் கடைசிக் கட்டத்தில் இயந்திரம் உரிய நிலைக்கு வராமல் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. இயந்திரம் வராவிட்டாலும் இசை காத்திருக்காது என்பதை அந்த ஒரு சம்பவத்திலிருந்தே நான் மனத்தில் பதித்துக்கொண்டேன்.

அதே 2010-இல் மான்டி கார்லோவில் டாட் மகோவர் என்னும் இசையமைப்பாளரின் 'டெத் அண்ட் தி பவர்ஸ்' அரங்கேறியது. எனக்கு இதன்மேல் இன்னும் அதிகப் பிரியம். தன் உயிரையே தன் வீட்டின் கணினி அமைப்புக்குள் ஏற்றிக்கொள்ளும் ஒரு செல்வந்தரின் கதை அது. அவர் உடலை விட்டுப் போன பிறகு அந்தப் பாடகர் மேடையில் தோன்றுவதில்லை. மறைவில் நின்று பாடும் அவருடைய மூச்சையும் குரலையும் கையசைவையும் உணரிகள் அளந்து சொல்ல, மேடையின் புத்தகச் சுவர்கள் அதற்கேற்ப ஒளிர்கின்றன. சுவர் பாடகரைக் கேட்கிறது. இந்த எண்ணம் பிடித்துப்போய்த்தான், எங்கள் மேடையும் அப்படிக் கேட்க வேண்டும் என்று நான் முதல் கூட்டத்திலேயே வற்புறுத்தினேன்.

சொல்வது எளிது. இந்த நாடகம் ஈ-பிளாட் என்னும் ஒரே சுருதியில் தொடங்குகிறது. இருட்டில் டபுள் பேஸ் வாத்தியங்கள் ஆர்மோனியத்தின் அடிச்சுருதியைப் போல அதைப் பிடித்து நிற்க, 136 தாளக்கட்டுகள் வரை அந்த ஒரு சுரக்கூட்டை விட்டு இசை நகர்வதே இல்லை. தண்ணீர் மெல்ல மெல்ல உயிர் பெறுவது போல வளர்ந்துகொண்டே போகும். இசைக்குழுவோடு மேடையில் நடந்த முதல் ஒத்திகையில், அந்தச் சுருதி எழுந்த சில நொடிகளில் நடத்துநர் கோலைத் தாழ்த்திவிட்டுத் தலையைத் திருப்பி மேடையைப் பார்த்தார். எல்லாரும் அமைதியானோம். அப்போதுதான் எனக்கும் கேட்டது: எல்இடி சுவரின் பின்னால் இருக்கும் சிறிய மின்விசிறிகளின் ரீங்காரம், அந்தச் சுருதிக்குச் சற்றே விலகி, கலையாத ஒரு கொசுக்கூட்டம் போல ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அது ஓசையாகவே தெரியவில்லை. மற்ற இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவில் சோதித்தது என் தவறு. வெறும் அரங்கின் அமைதியில் சோதித்திருக்க வேண்டும். மூன்று நாள் வேலை செய்து மின்வழங்கிகளை மேடைக்கு வெளியே அப்புறப்படுத்தினோம். சூடேறினால்தான் விசிறி வேகமாகச் சுழல்கிறது என்பதால் தொடக்கக் காட்சியின் ஒளியைப் பாதியளவுக்கும் கீழே குறைத்தோம். ஒளி குறைந்ததும் தண்ணீர் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அது நான் திட்டமிட்டது அல்ல; கிடைத்தது.

இரண்டாவது பிரச்சினைதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. நதிக் கன்னியாக நடிக்கும் பாடகி கையை வீசினால் அவளைச் சுற்றி நீர் சுழல வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கடிகாரத்துக்குக் கட்டிவைத்தோம்: இந்த நொடியில் அலை, அந்த நொடியில் ஒளி என்று. ஒத்திகை ஒன்றில் அந்தப் பெண் ஒரு சொல்லை வழக்கத்தைவிடச் சற்று நீட்டிப் பாடினாள். அவ்வளவு அழகாக அதை அவள் அதற்கு முன் பாடியதில்லை. அலை அவளுக்காகக் காத்திருக்காமல் கடந்து போய்விட்டது. அவள் குரல் உச்சியில் நிற்கையில் பின்னால் வெறும் கறுப்புச் சுவர் இருந்தது. நான் அரங்கின் நடுவில் என் மேசையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன்.

அப்போதுதான் அந்தத் திருவிழா இரவு முழுசாக நினைவுக்கு வந்தது. வள்ளி திருமணத்தில் வேலன் வேடக்காரர் விருத்தத்தை முடிக்கப் போவதாக நினைத்து, புதிதாகச் சேர்ந்திருந்த பையன் காட்டு சீனை இறக்கப் போனான். நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அவன் கைமேல் கை வைத்துக் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் கண் மேடையில் இல்லை. ஆர்மோனியக்காரரின் விரலில் இருந்தது. பாட்டு இன்னும் இரண்டு சுற்று போனது. அவர் விரல் கடைசிச் சுரத்துக்கு இறங்கிய பிறகுதான் நீங்கள் கயிற்றைத் தளர்த்தினீர்கள்.

மறுநாள் காலையில் கடிகாரத்தை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது கணினிப் பிரிவினர் தயங்கினார்கள். அவர்களுடைய பல வார உழைப்பு அது. இங்கே ஒவ்வொரு ஓபரா அரங்கிலும் மேடையின் ஓரத்தில் ஒருவர் இசைப்பிரதியை விரித்து வைத்துக்கொண்டு, நடத்துநரைத் திரையில் பார்த்தபடியே, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கட்டளை கொடுப்பார். இப்போது எங்கள் அலை எப்போது தொடங்கலாம் என்பதை எங்கள் அரங்கில் அந்த வேலையைச் செய்யும் அம்மையார்தான் சொல்கிறார். தொடங்கிய பிறகு அது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைப் பாடகியின் உடையில் தைத்த சிறிய அடையாளப் பொட்டுகளைப் பார்த்துக் கேமராக்கள் முடிவு செய்கின்றன. அவள் கை இறங்கும் வரை நீர் இறங்காது. ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் அப்பா: படத்தைக் காட்டும் வேலையை டிவி செய்துவிடும், கயிறு பிடிக்கும் வேலையை அது தானாகச் செய்யாது. அந்த வேலையைச் செய்யத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பாதாளத்துக்கு இறங்கும் காட்சி நன்றாக வந்துவிட்டது. அங்கே வாக்னர் கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் 18 பட்டறைக்கற்களைத் தாளத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரிசைக் கணினி விளக்கு எரிய, தளம் மெல்லச் சாய்கிறது.

மீதமிருப்பது கடைசிக் காட்சி. தேவர்களின் பொற்கோட்டையை எல்இடி சுவரில் எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தும் அது வெறும் வெளிச்சமாகவே இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் முகங்கள் இருட்டடித்துப் போகின்றன. அதனால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எழுதிய படுதாவை இறக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். இங்கே ஓவியக் கூடத்தில் துணியைத் தரையில் விரித்து, நீண்ட கைப்பிடி வைத்த தூரிகைகளால் நின்றபடி எழுதுகிறார்கள். மிகத் திறமையானவர்கள். ஆனால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உங்கள் தர்பார் சீனின் தூண்கள் தகதகத்ததே, அந்த மினுக்கம் அவர்கள் காட்டிய மாதிரித் துண்டுகளில் வரவில்லை. பொடி வண்ணத்தில் வஜ்ரப் பசை எந்த அளவு சேர்த்தீர்கள், மஞ்சள் காய்ந்த பிறகு ஜிகினாத் தூளைத் தூவினீர்களா அல்லது ஈரத்திலேயே தூவினீர்களா, தூணின் நிழல் பக்கத்துக்கு என்ன வண்ணம் கொடுத்தீர்கள் என்று தம்பியிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய படுதாவில் கிழிந்த ஓரத்திலிருந்து ஒரு சாண் துணியும் வேண்டும். 24-ஆம் தேதிக்குள் வந்து சேர்ந்தால், துணி விரிக்கும் நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசுவேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
தமிழரசி