உறுமித் தம்பிகளுக்கு ஒரு நாயனக்காரரின் நன்றி மடல்

சிங்கப்பூர், நவம்பர் 2020

எங்கள் இசைக்கலைஞர் சங்கத்து உறுப்பினர்களுக்கும், இன்னும் உறுப்பினராகாத உறுமிமேளத் தம்பிகளுக்கும் வணக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் பொதுக்கூட்டத்தில், உறுமிமேளக்காரர்களைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தபோது, வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவன் நான். 1973ல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்த கதையை எடுத்தேன். 2016ல்தான் பாதையில் சில இடங்களில் மேடை போட்டு வாசிக்க விட்டார்கள், அதையும் இவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்றேன். அந்தத் தம்பிகள் பதில் பேசாமல் எழுந்து போனார்கள். அவர்களுக்காகப் பேசிய இரண்டு தவில்காரர்கள், கோபத்தில் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள். அன்று பிளந்தது சங்கம்.

இந்த ஏப்ரல் 7ல் கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் தொடங்கியதும் என் கல்யாண மேளமெல்லாம் போயிற்று. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். சுயதொழில் செய்கிறவர்களுக்கு மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு நிவாரணம் அறிவித்தார்கள். தானாகப் பணம் வருகிறவர்களில் நான் இல்லை. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், வருமானத்துக்கு அத்தாட்சி வேண்டும். எங்கள் தொழிலில் ரசீது ஏது? தாம்பூலத்தோடு கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துதான் பழக்கம்.

சங்கத்தைவிட்டுப் போன தவில்காரர் ஒருவர்தான் என் நிலையைத் தம்பிகளிடம் சொல்லியிருக்கிறார். ஜூன் 19க்குப் பிறகு வீடுகளுக்கு ஆள் வரலாம் என்றானதும், யீஷூனிலிருந்து ஒரு தம்பி வந்து கதவைத் தட்டினார். நான் வேண்டாமென்று சொன்னவர்களில் ஒருவர்.

வாசித்த கல்யாணங்களின் பத்திரிகைகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைப்பேன். பின்பக்கம் பென்சிலில் சன்மானத் தொகை இருக்கும். அந்தத் தம்பி சமையலறைத் தரையில் உட்கார்ந்து, மாதவாரியாக அவற்றைப் பரப்பினார். ஓரத்து மஞ்சள் அவர் விரலில் ஒட்டியது. ஒவ்வொன்றையும் இருபக்கமும் படம் எடுத்தார். ஒரு துண்டுச் சீட்டில் 'நலங்கு, 180' என்று மட்டும் எழுதியிருந்தேன், தேதி இல்லை. அது யார் வீட்டு விசேஷம் என்று என்னிடம் கேட்டு, அவர்களுக்கே போன் செய்து, இன்ன தேதியில் இவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வாங்கிவிட்டார். மூன்று மாலை இப்படிப் போயின. பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கடைசி நாள், "அங்கிள், சீவாளியை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு அது. கையில் கொடுத்தேன். நாணல் எப்படிப் பக்குவமாகிறது என்று கேட்டார். உறுமித் தோலில் வளைந்த குச்சியை எவ்வளவு அழுத்தித் தேய்த்தால் அந்த உறுமல் எழும் என்று அவர் சொன்னார். தோலின் பதத்தை அந்த வயதில் அவர் காது அறிந்திருக்கிறது. நான் சீவாளிக்குக் காது கொடுக்கிற அதே கவனம். இதைக் கேட்காமல்தான் அன்றைக்குக் கை தூக்கினேன். மன்னித்துவிடுங்கள் தம்பிகளே.

பணம் வந்து சேர்ந்தது, வாடகை பாக்கி தீர்ந்தது. தம்பிகள் என்னைப்போல இன்னும் பல பெரியவர்களுக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய மனத்தாங்கலைப் பாராமல் உதவிய தவில் தம்பிகள் இருவருக்கும், சந்தா பாக்கியைக் கேட்காத பொருளாளருக்கும், வாரந்தவறாமல் போன் செய்த செயலாளருக்கும், அரிசி பருப்பு அனுப்பிய தேக்கா கடைக்காரருக்கும் என் குடும்பத்தின் நன்றி.

ஏழு உறுமிக் கலைஞர்களின் உறுப்பினர் படிவங்கள் செயலாளரிடம் இருக்கின்றன. ஏழிலும் முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.