ப்ராசஸர் வாங்குவதற்கு முன்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. லேப்டாப் விழித்துக்கொள்ளவே பத்து நிமிடம் ஆகிறது, ஆய்வேடு தட்டச்சு செய்தால் எழுத்து பின்தங்கி வருகிறது, அதனால் ஐ7 ப்ராசஸர் வாங்கிவிடப் போகிறேன் என்றாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு ஆர்டர் போட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் 4,000 ரூபாயை இந்த வாரம் தொடாதே.

அந்த லேப்டாப்பில் இருப்பது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐ3-2310எம் ப்ராசஸர் சிப். போன சித்திரையில் மின்விசிறியைத் துடைத்தபோது பார்த்தேன். சிப்பின் பக்கத்தில் பூட்டுத் திருகு இருக்கிறது, கழற்றி மாற்றக்கூடிய சாக்கெட்தான். இதே சிப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தும் வந்திருக்கிறது என்பதால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப்புகளில் ஏறக்குறைய எல்லாமே பற்றவைத்தவைதான். அந்த வகையில் உன் பழைய பெட்டி கொடுத்துவைத்தது.

ஆனால் நீ சொன்ன ஐ7-2670கியூஎம் வேண்டாம். நான்கு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் நான்கு பகுதிகள் உள்ளதுதான், மறுக்கவில்லை. அது வெளியிடும் சூடு 45 வாட், உன்னுடையது 35 வாட். உள்ளே இருக்கும் ஒற்றைச் செப்புக் குழாயும் சின்ன மின்விசிறியும் 35 வாட்டுக்குக் கணக்குப் பண்ணி வைத்தவை. சூடு தாங்காமல் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதை ஏற்குமா என்பது வேறு கேள்வி. மூன்றாம் தலைமுறைச் சிப்பும் அதே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய். எழுத்து பின்தங்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார். சிபியு, அதாவது ப்ராசஸர், 20, 30 சதவீதத்தில் இருந்து, டிஸ்க் 100-இல் நின்றால், குற்றம் ப்ராசஸர் மேல் இல்லை. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்தான் உன்னைக் காக்க வைக்கிறது. என் கணிப்பு அதுதான். உன் பணத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கு, சுற்றும் தட்டே இல்லாத வேகமான டிஸ்க் அது. ரேம் வாங்காதே. கடையில் கழற்றி வைத்த 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று நன்றாக இருக்கிறது, உன் 4 ஜிபியோடு சேர்த்து எட்டாகிவிடும்.

ப்ராசஸரையும் மாற்றத்தான் போகிறோம், ஆனால் கடைசியாக. போர்டு போன லேப்டாப் ஒன்றிலிருந்து ஐ5-2520எம் எடுத்து உனக்காக வைத்திருக்கிறேன். அதுவும் 35 வாட்தான். உன்னுடையது 2.1 கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு மேல் போகாது, இது தேவைப்பட்டால் 3.2 வரை எட்டும். கோர் இரண்டுதான், ஆகவே பெரிதாக எதிர்பார்க்காதே. எந்தச் சிப்பைப் போட்டாலும் இந்தப் பெட்டி விண்டோஸ் 11-இன் பட்டியலில் வராது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன், ஆய்வேட்டுக்கு அது போதும்.

நீ தனியாகக் கழற்ற வேண்டாம் என்று சொல்லக் காரணம் உண்டு. லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, நகம்போல் பளபளக்கும் சிலிக்கான் அப்படியே வெளியே தெரியும். தானே புயலுக்குப் பிறகு, 2012 தொடக்கத்தில், உப்புத்தண்ணீர் பட்ட பெட்டிகள் கடையில் குவிந்து கிடந்தன. அந்த அவசரத்தில், சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கின் ஒரு பக்கத் திருகை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனேன். சின்னதாக ஒரு 'டிக்' சத்தம். சிப்பின் மூலை அரிசி நொய்யளவு பெயர்ந்துவிட்டது. வாடிக்கையாளருக்கு வேறு சிப் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பதே அதற்குத்தான். எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சிப்பை அழுத்தவும் கூடாது. முக்கோணக் குறியை நேர்பார்த்து விட்டால் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். பிறகு பூட்டுத் திருகைத் தட்டைத் திருப்புளியால் அரைச் சுற்று, சூடு கடத்தும் பேஸ்ட் ஒரு அரிசியளவு.

சின்ன வயதில் நான் கழற்றும் திருகுகளை நீதான் இட்லித் தட்டின் குழிகளில் வகைவகையாகப் போட்டு வைப்பாய். ஒன்றுகூட மாறியதில்லை. அந்தக் கை எனக்குப் பக்கத்தில் வேண்டும்.

தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அனுப்பியதால்தான் நீ புது லேப்டாப் வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாதே.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக வா. ஆய்வேட்டை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துத் தனியாக வைத்துக்கொள். சார்ஜரையும் மறக்காதே, அதன் வயர் கழுத்தில் பிளந்திருந்தது. அதையும் மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா