கீமோ பெறுவோருக்குப் பக்கவிளைவு அறிவுரைகளை வாட்ஸ்அப் வழி அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள், மருந்தாளுநர்கள்,
அரசு மருத்துவமனைகள்.

பெறுநர்:
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கீமோதெரபி பக்கவிளைவுகள் குறித்துச் சமூக ஊடகம் வழி அறிவுறுத்தல் – ஆணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பகலில் கீமோ ஏற்றிக்கொள்பவர்களில் பலர் மாலையே வீடு திரும்பிவிடுகிறார்கள். பக்கவிளைவு பெரும்பாலும் வீட்டில்தான் தலைகாட்டுகிறது. கிளம்பும் அவசரத்தில் நாங்கள் சொல்லி அனுப்புவது அதுவரை நினைவில் நிற்பதில்லை. கைப்பேசியில் வருவதோ பப்பாளி இலைச் சாறும், கீமோவையே நிறுத்தச் சொல்லும் வீடியோக்களும்.

காய்ச்சல்தான் முதல் கவலை. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களில் தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரநிலை. பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருந்தால் சூடு தணியும், தொற்று தணியாது. மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். ஆகவே 6ஆம் நாள் காலை இது ஒன்று மட்டும் போகட்டும்: "காய்ச்சல்னா மாத்திரை போட்டுக் காத்திருக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. கீமோ எடுக்கிறதை முதல்லயே சொல்லுங்க." வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் இதனால் பயனில்லை, முதல் நாளே ஒன்று கொடுக்க வேண்டும்.

மற்றவை மருந்தைப் பொறுத்தவை. ஆக்சாலிபிளாட்டின் என்றால் சில நாள் குளிர்ந்த நீர் கூடாது. டாக்சோருபிசின் என்றால் ஓரிரு நாள் சிறுநீர் சிவக்கும், பயம் வேண்டாம். வின்கிரிஸ்டின் என்றால் மலச்சிக்கல். வாய்ப்புண்ணுக்கு 1 லிட்டர் வெந்நீரை ஆறவைத்து உப்பு, சமையல் சோடா தலா 1 தேக்கரண்டி கரைத்து, நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கலாம். எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப் குரூப் வேண்டாம். ஒருவரின் எண்ணும் நோயும் மற்றவர்க்குத் தெரிந்துவிடும், மருந்து விற்பவர்களும் நுழைந்துவிடுவார்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஆனால் நம் எண்ணைப் பதிந்துவைத்திராத போனுக்கு அது போய்ச்சேராது. எனவே எழுத்துமூல ஒப்புதல் பெற்று, நோயாளி, உடனிருப்பவர் இருவர் போனிலும் செவிலியரே எண்ணைப் பதிய வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடக் குரல் பதிவு அவசியம். இரவில் அனுப்பும் கேள்வியை யாரும் பார்க்காமல் போவதே பெரிய ஆபத்து; அதனால் ஒவ்வொரு பதிவின் முடிவிலும், "மெசேஜ் போடாதீங்க, போன் பண்ணுங்க" என்று எண்ணைச் சொல்ல வேண்டும். கொப்பளிப்பது, தெர்மாமீட்டர் பார்ப்பது போன்ற செய்முறைகள் யூடியூபில் வரலாம், கமெண்ட் பகுதியை மூடிவிட்டு.

காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்கள் சரிபார்த்த பதிவுகளை மட்டும் வெளியிடவும், ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு போனும், 24 மணி நேரமும் அழைப்பை எடுக்கப் பொறுப்பாளரும் ஒதுக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்