ஸ்கைரெய்டரின் பெயர்ப்பலகையில் இன்னும் சில வரிகள்

ஸ்கைரெய்டர் என்னும் அமெரிக்கத் தாக்குதல் விமானங்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் விமான மாதிரிகளை ஒட்டிப் பழகியவன் நான். பள்ளி நாள்களில் ஒரு ஸ்கைரெய்டர் செய்தேன். பசை காய்வதற்குள் இறக்கைக்கடியில் அத்தனை குண்டுகளையும் தொங்கவிட்டு அலமாரியில் ஏற்றினேன். அவை எங்கே போய் விழுந்தன என்று கேட்கத் தோன்றுவதற்கு இருபது ஆண்டுகள் ஆயின.

விமானம் பிறந்த கதை எனக்கு இன்றும் பிடிக்கும். 1944 ஜூனில் டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைனிமன், தன் பழைய வடிவமைப்பைக் கைவிடச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் புதியதைக் காட்டுவதாக அமெரிக்கக் கடற்படையிடம் ஒப்புக்கொண்டார். வாஷிங்டன் ஹோட்டல் அறையில் இரவோடு இரவாக வரைந்து முடித்தார்கள். 1945 மார்ச் 18 அன்று அது முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரோ சில மாதங்களில் முடிந்துவிட்டது. ஜெட் யுகம் பிறந்த பின்னும் 1957 வரை 3,180 விமானங்கள் கட்டப்பட்டன. மூக்கில் பதினெட்டு சிலிண்டர் எஞ்சின், 2,700 குதிரைத்திறன், ஒற்றை புரொப்பெல்லர். சுமையோ ஏறத்தாழ 3,600 கிலோ. கொரியாவில் குண்டுகளுக்கு மசியாத ஹ்வாச்சோன் அணையின் மதகுகளை 1951 மே 1 அன்று டார்பிடோ வீசி உடைத்ததும் இதுதான். 1965இல் வியட்நாமில் ஒரு கழிப்பறைப் பீங்கானைக்கூடக் குண்டோடு சேர்த்துப் போட்டார்கள். அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

வேகம் குறைவு என்பதுதான் இதன் பெருமை. தாழப் பறக்கும், ஓர் இடத்தையே மணிக்கணக்கில் வட்டமிடும், கீழே நடப்பதை விமானி தன் கண்ணாலேயே பார்க்கலாம். 1966 மார்ச் 10 அன்று தென் வியட்நாமின் ஆ ஷாவ் பள்ளத்தாக்கில் அமெரிக்க விமானப்படை மேஜர் பெர்னார்ட் ஃபிஷர் அப்படித்தான் பார்த்தார். சுடப்பட்டு விழுந்த தோழர் மயர்ஸ், எதிரிகள் சூழ்ந்த ஓடுதளத்தின் ஓரத்தில் பதுங்கியிருந்தார். சிதறிக் கிடந்த இடிபாடுகளுக்கு நடுவே ஃபிஷர் தரையிறங்கினார். அவர் ஓட்டியது பக்கத்தில் இன்னோர் இருக்கையுள்ள 'ஏ-1இ' வகை. மயர்ஸை அதில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பத்தொன்பது குண்டுத் துளைகளோடு திரும்பிய அதே விமானம் இன்று ஒஹாயோவின் டேட்டன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1972 ஜூன் 8 அன்று டிராங் பாங் கிராமத்திலும் பட்டப்பகல்தான். தென் வியட்நாம் விமானப்படையின் ஸ்கைரெய்டர் ஒன்று, கோயிலில் தஞ்சம் புகுந்திருந்து வெளியே ஓடிவந்த தன் தரப்பு மக்கள்மீதும் வீரர்கள்மீதும் தவறுதலாக நேபாம் என்ற, ஒட்டிக்கொண்டு எரியும் தீக்குண்டை வீசியது. எரிந்த ஆடையைக் கழற்றியெறிந்துவிட்டு, கைகளை விரித்தபடி நெடுஞ்சாலையில் அழுதுகொண்டு ஓடிவந்த ஒன்பது வயது கிம் ஃபுக்கின் படத்தை உலகம் அறியும். எந்த விமானம் என்பதைத்தான் பெரும்பாலோர் அறியமாட்டார்கள்.

நெடுநாள் நான் இவற்றை இரு வேறு கதைகளாகவே வைத்திருந்தேன்: வீரம் ஒரு பக்கம், விபத்து மறுபக்கம். இப்போது அப்படிப் பிரிக்க முடியவில்லை. மெதுவாகவும் தாழவும் வந்ததால்தான் ஃபிஷரால் ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க முடிந்தது. டிராங் பாங்கிலும் விமானம் தாழத்தான் வந்தது; படத்திலிருப்பவர்கள் குழந்தைகள் என்பது நமக்குத் தெரிகிறது, மேலிருந்தவருக்குத் தெரியவில்லை. அருகில் போனால் தவறு நேராது என்ற நம்பிக்கையை அந்தச் சாலை கேள்வி கேட்கிறது. குதிரைத்திறனையும் சுமையையும் மட்டும் அச்சிட்ட பலகை அதைக் கேட்பதில்லை.

டேட்டனில் ஒரு ஸ்கைரெய்டர் நிற்கிறது. ஹோ சி மின் நகரின் போர் நினைவு அருங்காட்சியக முற்றத்திலும் ஒன்று நிற்கிறது. இரு ஊர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: 1966 மார்ச் 10, 1972 ஜூன் 8 ஆகிய இரு தேதிகளும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில், அடுத்தடுத்த வரிகளில் வரட்டும். ஏற்கெனவே அப்படி எழுதி வைத்திருப்பவர்கள் இதை நன்றி மடலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாதிரி விமானங்கள் செய்யும் ஒருவன்