விலைப்பட்டியலில் பனங்கற்கண்டு ஏன் இடம் மாறியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாத விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று கடைக்காரர்கள் போன் செய்து, "சரக்கு வரிசையை யார் கலைச்சது?" என்று கேட்டார்கள். கலைத்தது நாங்கள்தான். விவரம் இதோ.

நீங்கள் அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பில் (ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி போட்டு வைக்கும் கோப்பு) சரக்கின் பெயர், எடை, விலை, இருப்பு மட்டும்தான் இருக்கும். எது முன்னால் வர வேண்டும், எதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், இருப்பு இல்லாத சரக்குக்குச் சாம்பல் பட்டை எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் எங்கள் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட்டில் (அந்தக் கோப்பைப் பட்டியலாக மாற்றும் கட்டளைத் தொகுப்பில்) உள்ள டெம்ப்ளேட்டுகளின், அதாவது வார்ப்புகளின், வேலை. அதனால்தான் ஒரே கோப்பிலிருந்து கடைச் சுவருக்குப் பெயர்வரிசையிலும் மொத்த வியாபாரத்துக்கு விலைவரிசையிலும் பட்டியல் எடுக்க முடிகிறது. உங்கள் கோப்பு அப்படியே இருக்கும்.

பழைய பட்டியல்களில் இருந்த கோளாறுகளைச் சரிசெய்யத்தான் வரிசையை மாற்றினோம். முதல் கோளாறு எடையில். 'எண்ணாகப் பார்' என்று தனியாகச் சொல்லாவிட்டால், வரிசைப்படுத்தும் கட்டளை எல்லாவற்றையும் எழுத்தாகவே பார்க்கும். அப்போது மிளகாய்த்தூள் 100, 250, 50, 500 என்று நிற்கும். எண் என்று சொல்லிவிட்டால் 50 முதலில் வந்துவிடும். ஆனால் '1 கிலோ' அதற்கும் முன்னால் போய் நிற்கும், 1 சின்ன எண்தானே! இப்போது கிலோவை 1000ஆல் பெருக்கிய பிறகே வரிசைப்படுத்துகிறோம். விலையில் '1,250' என்று காற்புள்ளியோ ரூபாய்க் குறியோ இருந்தால் அது எண்ணே இல்லை என்று தள்ளப்படும். தயவுசெய்து வெறும் எண்ணாக அனுப்புங்கள். எடையும் அலகும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது கோளாறு தமிழுக்கே உரியது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியெண் தரும் யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற, ல-வை ஒட்டி ள, ழ என்று எழுத்துகள் நிற்கின்றன. நாம் பள்ளியில் படித்த வரிசையிலோ ழ, ள, ற, ன நான்கும் கடைசி. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கியதால் பனங்கற்கண்டு பயறுக்கும் பருப்புப்பொடிக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தது. புள்ளிக்கும் அதே கதை: குறியெண்படி புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால் பசுநெய்க்குப் பிறகுதான் பச்சரிசி. அகராதியில் பச்சரிசிதான் முதலில்.

'மொழி தமிழ்' என்று கட்டளையில் குறித்தால் போதாதா? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 1999இல் வெளிவந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 விதிநூலே, அந்தக் கட்டளைகளை இயக்கும் இரண்டு செயலிகள் ஒரே மாதிரி வரிசைப்படுத்தாமல் போகலாம் என்கிறது. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் அகராதி வரிசைப்படி ஒரு மறைவுச் சாவி (பட்டியலில் தெரியாத, வரிசைப்படுத்த மட்டும் உதவும் குறி) செய்து, அதை வைத்தே அடுக்குகிறோம்.

ஒரு கடையின் பட்டியலில் கொத்தமல்லி இரண்டு இடத்தில் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் ஒகரக்குறி ஒரே குறியெண்ணாகவும், மற்றதில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் பதிவாகியிருந்தன. கண்டுபிடிக்க அரை நாள் போனது! இப்போது வரிசைப்படுத்தும் முன் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜீரகம், ஜவ்வரிசி போன்ற கிரந்த எழுத்துப் பெயர்களை இப்போதைக்குக் கடைசியில் வைத்திருக்கிறோம். ச வரிசையை ஒட்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். 'சீரகம்' என்றே எழுதிவிட்டால் இன்னும் நல்லது, சண்டையே இல்லை.

அப்புறம், எக்ஸ்எம்எல் கோப்பை நேரே குரோமில் திறந்து பட்டியல் பார்ப்பவர்களுக்கு: எக்ஸ்எஸ்எல்டி வசதியை எடுத்துவிடப்போவதாக குரோம் 2025இல் அறிவித்துவிட்டது. எனவே இனி பட்டியலை இங்கேயே தயாரித்து, இணையப் பக்கமாகவும் பிடிஎஃப் ஆகவும் அனுப்புவோம். கட்டணம் பழையதுதான்.

அடுத்த பட்டியலுக்கான கோப்பை மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பினால் எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல் அச்சகத்தார்