நாவலில் இருந்த பயம் படத்தில் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திகில் நாவல்கள் படமாகும்போது கெட்டுப்போகின்றன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாவலில் உள்ள காட்சிகளில் எத்தனை படத்தில் வந்திருக்கின்றன என்று எண்ணி மார்க் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். அந்த அளவுகோலோடு எனக்கு உடன்பாடில்லை. நாவலில் பயம் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது, அதைத் திரையில் எதை வைத்து ஈடுகட்டினார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) இதற்கு நல்ல உதாரணம். ராபர்ட் ப்ளாக் 1959இல் எழுதிய நாவலில் நார்மன் பேட்ஸ் நாற்பது வயதுக்காரன், குண்டன், கண்ணாடி போட்டவன். முதல் அத்தியாயமே அவனும் அம்மாவும் சண்டை போடுவதுதான். அம்மா அறைக்குள் வந்தாள், திட்டினாள் என்று ப்ளாக் எழுதிவிட்டுப் போகிறார். நாம் நார்மனின் மண்டைக்குள் இருப்பதால் நம்பிவிடுகிறோம். உண்மையில் அம்மா எப்போதோ செத்துப்போனவள். கேமராவுக்கு இந்த வசதி கிடையாது. அம்மாவின் முகத்தைக் காட்டினால் ரகசியம் போச்சு. காட்டாமல் மறைத்தால், ஏன் மறைக்கிறார்கள் என்று டிக்கெட் வாங்கியவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். திரைக்கதை எழுதிய ஜோசஃப் ஸ்டெஃபானோ அதனால்தான் நார்மனை விட்டுவிட்டு, பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணிடமிருந்து கதையை ஆரம்பித்தார். நார்மனையும் பார்த்தால் பரிதாபப்படும்படியான ஒல்லி இளைஞனாக்கினார்கள்.

அம்மாவை நிலவறைக்குத் தூக்கிப் போகும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். நார்மன் மாடிப்படி ஏறுகிறான், கேமராவும் கூடவே ஏறுகிறது. அவன் அறைக்குள் போனதும் நம் காதில் விழுவது அம்மாவும் பிள்ளையும் போடும் வாக்குவாதம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமரா கூரையை ஒட்டிப் போய் நின்றுவிடுகிறது. அவன் அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வரும்போது நமக்குத் தெரிவது உச்சந்தலை மட்டும். நம் கவனம் சண்டையைக் கேட்பதில் போய்விட்டதால், கேமரா ஏன் அவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன் என்று ஹிட்ச்காக்கே பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் விளக்கியிருக்கிறார். ப்ளாக் ஒரே வாக்கியத்தில் முடித்த ஏமாற்றுவேலைக்குத் திரையில் இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

இன்னொரு கணக்கையும் மறக்கக்கூடாது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் படத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டு மணிநேரப் படத்துக்கு 120 பக்கம், அதுவும் இருபுறமும் இடம் விட்டு எழுதியது. 400 பக்க நாவலில் முக்கால்வாசியை வெட்டியே ஆகவேண்டும். கத்தி எங்கே விழுகிறது என்பதில்தான் வினை. பேய் வரும் இடங்களை வைத்துக்கொண்டு, நடுவில் ஒன்றும் நடக்காத பக்கங்களைத் தூக்கிவிடுவார்கள். சாம்பாரைக் கொட்டிவிட்டுத் தாளிப்பை மட்டும் பரிமாறுகிற கதைதான். திகில் நாவலில் அந்த ஒன்றும் நடக்காத பக்கங்கள்தான் பயத்தைச் சேர்த்துவைக்கின்றன.

ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' (1977) படமான விதத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே திட்டியிருந்தார். பாதி நியாயம்தான். நாவலில் ஓட்டலின் அடித்தளத்தில் ஒரு பழைய பாய்லர் இருக்கிறது. அதன் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும். யாராவது இறங்கிப்போய் இறக்கிவிடவேண்டும். ஓட்டலைப் பார்த்துக்கொள்ள வந்த ஜாக் டாரன்ஸின் புத்தி தடுமாறுவதும் பாய்லரின் அழுத்தம் காட்டும் முள் ஏறுவதும் ஒன்றாகவே நடக்கின்றன. கடைசியில் அவன் அதை மறந்துபோக, ஓட்டலே வெடித்துச் சிதறுகிறது. படத்தை இயக்கிய ஸ்டான்லி குப்ரிக் (1980) பாய்லர் வெடிப்பை நீக்கிவிட்டு ஜாக்கைப் பனியில் உறையவைத்தார். குடியை விட்டுவிட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றப் போராடும் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதும் கூடவே போய்விட்டது. ஜாக்காக நடித்த ஜாக் நிக்கல்சன் வேலை கேட்டு வரும் காட்சியிலேயே அரைப் பைத்தியமாகத் தெரிகிறார். இந்தப் படத்தின் மேல் கிங் கோபப்பட்டதில் தப்பில்லை.

ஆனால் தோட்டத்து விஷயத்தில் குப்ரிக் கட்சிதான் நான். செடிகளை மிருக வடிவில் வெட்டிவைத்த தோட்டம் ஒன்று நாவலில் வரும். அந்த மிருகங்கள் அசைவதை ஜாக் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கும்போது, அசைந்திருப்பதைப் பார்க்கிறான். பயம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. குப்ரிக் மிருகங்களைக் கைவிட்டு, செடிகளாலான புதிர்ப்பாதையை வைத்துக்கொண்டார். 1997இல் கிங் தானே திரைக்கதை எழுதி, மிக் கேரிஸ் இயக்கத்தில் மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் பாய்லர் உண்டு, ஜாக்கின் சரிவு உண்டு, செடி மிருகங்களும் உண்டு. அவை கம்ப்யூட்டர் உதவியோடு நம் கண்ணெதிரே நடந்து வந்தன. சிரிப்புத்தான் வந்தது. நாவலில் இருந்த அத்தனையும் இருந்தும் அந்த இடைவெளி மட்டும் காணோம்.

குப்ரிக் அதற்குப் பதில் கொடுத்தது ஒரு சத்தம். சிறுவன் டேனி மூன்று சக்கர சைக்கிளில் ஓட்டலின் நடைகளைச் சுற்றிவருவான். நகரும்போதும் கேமரா குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம் என்ற கருவியைக் கண்டுபிடித்த காரெட் பிரவுனே அதைத் தரையை ஒட்டிப் பிடித்தபடி பின்னாலேயே போகிறார். மரத்தரையில் சக்கரம் கடகடவென்று உருளும், கம்பளம் வந்ததும் சத்தம் சட்டென்று நின்றுவிடும், மறுபடி மரத்தரை. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறதோ என்று நம் வயிறு அந்தத் தாளத்திலேயே கலங்க ஆரம்பிக்கிறது. நாவலின் ஒரு வரியையும் காட்டாமல் நாவலின் வேலையைச் செய்கிற இடம் இது.

ஷர்லி ஜாக்சனின் பேய்வீட்டு நாவலான 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) இரண்டு முறை படமானதைக் கட்டுரை தொடவே இல்லை. ஒரே நாவல், இரண்டு தீர்ப்பு. இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ராபர்ட் வைஸ் 1963இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தில் பேய் ஒரு தடவைகூடத் தென்படாது. ஒரு மரக்கதவு உள்பக்கமாகப் பிதுங்கும், அவ்வளவுதான். மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த கதவை மறுபக்கத்திலிருந்து ஒரு ஆள் தள்ளினார். வீடு கோணலாகத் தெரியவேண்டும் என்பதற்காக, இன்னும் முழுமை பெறாத, பிம்பத்தை வளைத்துக் காட்டும் 30 மி.மீ. லென்ஸ் ஒன்றை பானாவிஷனிடம் கேட்டு வாங்கினார் வைஸ். குறை இருப்பது தெரிந்தேதான் வாங்குகிறேன் என்று கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். இருட்டில் கதாநாயகி எலினார் பயத்தில் பக்கத்துக் கையை இறுக்கிப் பிடித்திருப்பாள்; வெளிச்சம் வரும்போது தோழி அறையின் அந்தப் பக்கம் இருப்பாள். நாவலின் மிகக் கொடூரமான அந்தக் கணம் படத்திலும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் இரண்டிலும் அந்தக் கை யாருடையது என்று சொல்வதில்லை. 1999இல் யான் டி பான்ட் பெரும் செலவில் அந்த வீட்டைக் கட்டியவனின் பேயையே ராட்சத உருவமாகக் காட்டினார். அதைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லை.

மறைத்தால் போதும், பயம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அய்ரா லெவின் 1967இல் எழுதிய 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் சாத்தானுக்குப் பிறந்த குழந்தையின் கண், நகம், வால் எல்லாமே விவரமாக வருகின்றன. மறு வருடமே எடுத்த ரோமன் போலன்ஸ்கி நாவலை வரிக்கு வரி பின்பற்றியவர். பாத்திரம் ஒன்று பத்திரிகையில் பார்த்ததாகச் சொல்லும் சட்டை விளம்பரம் எந்த இதழில் வந்தது என்று லெவினிடமே கேட்டவர். அப்பேர்ப்பட்டவர் தொட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் காட்டவில்லை. ஆனால் அதற்கு முன்பே நம்மைப் பழக்கிவைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவி படுக்கையறையில் ஃபோன் பேசும்போது கதவுச் சட்டம் அவளைப் பாதி மறைக்கும்படி கேமராவை வைக்கச் சொன்னார். தியேட்டரில் ஜனங்கள் அவளைப் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்தார்கள் என்று ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃப்ரேக்கர் சொல்லியிருக்கிறார். எட்டிப் பார்க்கிற அந்தப் பழக்கம் வந்த பிறகுதான் தொட்டிலை மூடிவைக்க முடியும்.

இதற்கு நேர்மாறு 'ரிங்'. கோஜி சுசுகியின் நாவல் (1991) கிட்டத்தட்ட ஒரு புலனாய்வுக் கதை. பார்த்தவரைக் கொல்லும் வீடியோ ஒன்றின் சாபத்தைக்கூட வைரஸ் என்று விளக்கப் பார்க்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து சடாகோ என்ற பேய் ஊர்ந்து வெளியே வரும் காட்சி நாவலில் கிடையாது. 1998இல் ஹிடியோ நகாதா நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முன்னாக ஓட்டினார். அதனால்தான் அந்த நடையில் ஏதோ சரியில்லை என்று நமக்குப் படுகிறது, என்னவென்று பிடிபடுவதில்லை. எண்ணிப் பார்த்து மார்க் போடும் முறையில் இந்தக் காட்சிக்கு பூஜ்யம்தான் கிடைக்கும்.

நாவலாசிரியரே திரைக்கதை எழுதினால் கெடாது என்கிறார் கட்டுரையாளர். வில்லியம் பீட்டர் பிளாட்டி 'தி எக்ஸார்சிஸ்ட்'டுக்கு (1973) எழுதி ஆஸ்கரே வாங்கினார், உண்மைதான். ஆனால் அந்தப் படத்துக்குச் சிறந்த ஒலிக்கான ஆஸ்கரும் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். படுக்கையறை செட்டையே உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து, நடிகர்களின் மூச்சு புகையாகத் தெரியும்படி எடுத்தார்கள். இதெல்லாம் எழுதி வரவழைக்கிற பயம் இல்லை. கிங் எழுதிய 1997 தொடரையும் மேலே பார்த்தோமே.

நீளம் கிடைத்தால் சரியாகிவிடும் என்ற வாதமும் முழுசாக நிற்காது. அந்தத் தொடர் விளம்பரம் நீக்கியே நாலரை மணிநேரம் ஓடியது. நம் ஊரில் இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளை இயக்குநர் நாகா 'மர்ம தேசம்' என்று தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது உதவியது நீளம் மட்டும் இல்லை, வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கு. 'விடாது கருப்பு'வில் கொல்வது சாமியா மனுஷனா என்ற கேள்வியோடு ஒரு வாரம் முழுக்க வீட்டில் சும்மா இருக்கவேண்டியிருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையும் அதே வித்தையைத்தான் செய்துவந்தது. ஒரே மூச்சில் எல்லா எபிசோடையும் பார்க்கும் ஓடிடி தளத்தில் அது எடுபடுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியாக ஒரு திருத்தம். 'தி ஷைனிங்' நாவலில் பேய் இருக்கும் அறையின் எண் 237 என்று உங்கள் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. நாவலில் 217, படத்தில்தான் 237. ஓட்டலின் வெளித்தோற்றத்துக்காகப் படமெடுத்த ஆரிகன் மாநிலத்து டிம்பர்லைன் லாட்ஜ் நிர்வாகம், படம் பார்த்தவர்கள் 217ஆம் அறையில் தங்கப் பயப்படுவார்களே என்று, தங்களிடம் இல்லாத ஒரு எண்ணைப் போடச் சொன்னது. இன்று அங்கே வருபவர்கள் அதிகமாகக் கேட்டு வாங்குவது 217தானாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்