வாக்குச்சீட்டின் அடியில் இருக்கும் டி.ஏ. பதவி: பே ஏரியா தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பே ஏரியாவில் ஓட்டுரிமை உள்ள தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். கிரீன் கார்டுக்கு எத்தனையோ வருஷம், அப்புறம் குடியுரிமைக்கு இன்னும் ஐந்து வருஷம் என்று காத்திருந்து வாங்கிய ஓட்டு நம்முடையது. அதிபர் தேர்தல் என்றால் யாரும் தவறவிடுவதில்லை. ஆனால் கவுண்டிப் (மாவட்டப்) பதவிகளுக்கு நடுவே ‘டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி’ (டி.ஏ.), அதாவது கவுண்டியின் தலைமை அரசுத் தரப்பு வழக்கறிஞர், என்று ஒரு வரி வருமே, அதை நிரப்பாமலே உறையை ஒட்டி அனுப்பிவிடுகிறோம். நானும் முன்பு அப்படித்தான் அனுப்பினேன்.

பழக்கம் அப்படி. ஊரில் பப்ளிக் பிராசிக்யூட்டரை அரசாங்கம் நியமிக்கும். அவர் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. குற்றப்பத்திரிகையைப் போலீஸே தாக்கல் செய்யும். இங்கே போலீஸின் வேலை கைது செய்வதோடு சரி. வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவது, எவ்வளவு ஜாமீன் கேட்பது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைப்பதாக என்ன பேரம் பேசுவது எல்லாம் டி.ஏ. அலுவலகத்தின் கையில். மாநில நீதிமன்றங்களின் தண்டனைகளில் 94 சதவீதம், விசாரணையே நடக்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்வதில் முடிபவை என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டது. நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே பெரும்பாலான வழக்குகள் பேசி முடிக்கப்பட்டுவிடுகின்றன.

2010இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 16 வயதுப் பையன் ஒருவனை, முதுகுப்பை திருடியதாகப் பிடித்தார்கள். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று வருஷம். அதில் ஏறக்குறைய இரண்டு வருஷம் தனிமைச் சிறை. அரசுத் தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தது. ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். செய்யாததை ஒப்புக்கொள்ள அவன் மறுத்துவிட்டான். 2013இல் வழக்கையே கைவிட்டார்கள். 2015இல் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூங்க முடியாது.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மாணவர் விசாவில் வந்த பிள்ளை ஒன்று கடையில் ஏதோ எடுத்து மாட்டிக்கொள்கிறது. சின்ன வழக்குதானே, அபராதம் கட்டினால் முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறது. குடிவரவுச் சட்டமோ திருட்டை ஒழுக்கக்கேடான குற்றங்களில் வைத்திருக்கிறது. விசா, கிரீன் கார்டு, இந்த நாட்டில் இருப்பதே கூட ஆட்டம் காணும். குடியுரிமை உள்ள பிள்ளைக்கு அதே தவறு அபராதத்தோடு போய்விடும். இதற்காகத்தான் புரூக்ளின் டி.ஏ. அலுவலகத்தில் எரிக் கொன்சாலஸ் 2017இல் குடிவரவு வழக்கறிஞர்களையே வேலைக்கு வைத்தார். கலிபோர்னியாவில் பேரம் பேசும்போது அரசுத் தரப்பு இதை யோசித்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எவ்வளவு மனசோடு யோசிப்பார்கள் என்பது நாற்காலியில் இருப்பவரைப் பொறுத்தது.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். கார் கண்ணாடியை உடைக்கிறார்கள், நகைக்காக வீடு புகுகிறார்கள், இந்த நேரத்தில், ஜாமீனையும் தண்டனையையும் தளர்த்தும் சீர்திருத்தமா? சீர்திருத்தம் பேசிய டி.ஏ.க்களான சேசா பூடினைச் சான் பிரான்சிஸ்கோவில் 2022இலும், பமேலா பிரைஸை அலமேடா கவுண்டியில் 2024இலும் ரீகால் தேர்தல் (பதவிக்காலம் முடியும் முன்பே நீக்கும் தேர்தல்) வைத்து இறக்கியதில் அந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பயம் நியாயமானது. பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதும் டி.ஏ.வின் வேலைதான், அதில் குறை வைப்பவர் எவ்வளவு சீர்திருத்தம் பேசினாலும் எனக்கு வேண்டாம்.

ஆனால் பிலடெல்பியாவையும் பாருங்கள். அங்கே டி.ஏ.வான லாரி கிராஸ்னர் 2018இல் 25 வகைச் சிறு குற்றங்களுக்கு ஜாமீன் பணம் கேட்பதை நிறுத்தினார். 2021இல் அந்த நகரத்தில் 562 கொலைகள் நடந்தபோது பழி அவர் மேல் விழுந்தது. 2024இல் அது பாதிக்கும் கீழே இறங்கியபோதும் அவரேதான் டி.ஏ. ஏறியதற்கு அவர்தான் காரணம் என்றவர்கள், இறங்கியதற்கு யார் காரணம் என்று சொல்ல வேண்டும் அல்லவா? கொலைக் கணக்கை ஒரு டி.ஏ.வின் தலையில் மட்டும் எழுத முடியாது. 2025இல் அந்த ஊர் மக்கள் மூன்றாம் முறையும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளே, வரிவிலக்கு பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. சரி. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்துக் கேள்வி கேட்கத் தடை இல்லையே! ஏழையையும் பணக்காரரையும் ஜாமீனில் எப்படி நடத்துவீர்கள் என்று கேளுங்கள். பழைய தண்டனைகளை மறுபடி ஆராயும் பிரிவுக்கு ஆள் போடுவீர்களா என்று கேளுங்கள். 2007இல் டாலஸில் டி.ஏ.வாக இருந்த கிரெய்க் வாட்கின்ஸ் அப்படி ஒன்றைத் தொடங்கியதால், பல வருஷம் உள்ளே கிடந்த நிரபராதிகள் வெளியே வந்தார்கள். தவறு செய்யும் போலீஸ்காரர் மீது வழக்குப் போடுவீர்களா என்றும் கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்பவருக்காக, சங்கத்துக்கு வெளியே, தனி மனிதர்களாக வீடு வீடாகப் போவோம். நான் வருகிறேன்.

2028 முதல் கலிபோர்னியாவில் டி.ஏ. தேர்தல் அதிபர் தேர்தல் ஆண்டிலேயே வரும். ஆனால் நவம்பர்வரை காத்திருக்காதீர்கள். பெரும்பாலான கவுண்டிகளில், பிரைமரியிலேயே (நவம்பருக்கு முன் நடக்கும் முதல்கட்டத் தேர்தலிலேயே) ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் நவம்பர் சீட்டில் அந்த வரியே இருக்காது.

அன்புடன்,
உங்களோடு ஓட்டுப் போடும் ஒருவன்